ஒரே ஒரு கொட்டு

தருமபுரி மாவட்டத்தில் மாசியும் பங்குனியும் புளி உலுக்கும் காலம். ஆடவர் மரமேறிக் கிளைகளை உலுக்குவர்; பெண்டிர் கீழே பழம் பொறுக்குவர். நான் மருத்துவம் பயின்ற நாட்களில், விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது, பென்னாகரத்துக்கு அருகே ஒரு புளியமரத்தடியில் கண்ட நிகழ்ச்சியை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மரத்தின் மேலிருந்தவர் கையை உதறிக்கொண்டு இறங்கினார். குளவி ஒன்று கொட்டிவிட்டது. "போன வருஷமுந்தான் கொட்டிச்சு, கை வீங்கினதோடு சரி" என்று சிரித்தார். யாரோ சுண்ணாம்பு தடவினார்கள். பத்து நிமிடம் செல்லவில்லை. உடலெங்கும் தடிப்புகள் எழுந்தன, உதடு வீங்கிற்று, குரல் கம்மிற்று. தலை சுற்றுகிறது என்று சொல்லிச் சாய்ந்துவிட்டார். அவ்வழியே வந்த வண்டியில் ஏற்றி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு சென்றோம். மருத்துவர் சற்றும் தாமதியாமல் தொடையில் ஓர் ஊசி போட்டார். சிறிது நேரத்தில் மூச்சு சீராயிற்று.

சென்ற ஆண்டு வெறும் வீக்கத்தோடு விட்ட குளவி, இவ்வாண்டு உயிருக்கே உலை வைத்தது ஏன்?

பிரெஞ்சு அறிஞர்களான சார்ல்ஸ் ரிஷேயும் பால் போர்ட்டியேவும் 1902-ஆம் ஆண்டில் இதற்கு வழிகாட்டினார்கள். கடற்சாமந்தி என்னும் கடல்வாழ் உயிரின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்தி ஆராய்ந்தார்கள். முதல் ஊசியை எளிதில் தாங்கிய ஒரு நாய், 22 நாட்களுக்குப் பின் அதே அளவு நஞ்சு செலுத்தப்பட்டதும் 25 நிமிடங்களில் மாண்டது. இக்கண்டுபிடிப்புக்காக ரிஷே 1913-இல் நோபல் பரிசு பெற்றார்.

முதல் கொட்டு சிலருடைய உடலில் அந்த நஞ்சுக்கு எதிரான ஒரு பொருளை உண்டாக்குகிறது. அது சில உயிரணுக்களின் மேல் ஒட்டிக் காத்திருக்கிறது. மறுமுறை நஞ்சு நுழைந்ததும் அவ்வணுக்கள் ஹிஸ்டமின் முதலியவற்றைக் கொட்டிவிடுகின்றன. இரத்தக் குழாய்கள் தளர்ந்து இரத்த அழுத்தம் வீழ்கிறது. மூச்சுக் குழல்கள் சுருங்குகின்றன. இதுவே கடும் ஒவ்வாமை. மலைத்தேனீக்கள் நூற்றுக்கணக்கில் கொட்டினால் நஞ்சின் மிகுதியே எவரையும் கொல்லக்கூடும்; ஒவ்வாமை உடையவருக்கோ ஒரு கொட்டே போதும்.

அன்று போட்ட ஊசி அட்ரினலின். ஜப்பானிய அறிஞர் தகாமினே பிரித்தெடுத்த பொருள் அது. தளர்ந்த குழாய்களை இறுக்குகிறது. சுருங்கிய மூச்சு வழியைத் திறக்கிறது. பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம், தொடையின் வெளிப்புறத் தசையில் போடுவார்கள். குணம் தெரியாவிடில் ஐந்து நிமிடங்களில் மறுபடியும் போடுவார்கள். அரிப்பைத் தணிக்கும் மாத்திரை இதற்கு ஈடாகாது.

கொட்டிய இடத்தில் மட்டும் வலியும் வீக்கமும் இருந்தால் அஞ்ச வேண்டாம். குளிர்ந்த நீரில் நனைத்த துணி போதும். தேனீயானால் கொடுக்கு தோலிலேயே தங்கிவிடும்; அதை உடனே நீக்குங்கள். ஆனால் உடலெங்கும் தடிப்பு, நா வீக்கம், மூச்சுத் திணறல், வாந்தி, மயக்கம் ஆகியவை தோன்றினால் 108-ஐ அழையுங்கள். ஆளை நிற்கவோ நடக்கவோ விடாமல் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரட்டும். தேறிய பின்னும் சில மணி நேரம் மருத்துவமனையிலேயே இருத்தல் வேண்டும். தொல்லை திரும்பி வருவதுண்டு.

பூச்சியின் நஞ்சையே சிறுகச் சிறுக ஊசியாகச் செலுத்தி உடலைப் பழக்கும் சிகிச்சையும் இருக்கிறது. 1978-இல் வெளியான ஓர் ஆய்வு அதன் பயனை நிலைநாட்டியது.

மறு ஆண்டும் அந்த மனிதர் புளி உலுக்கும் இடத்துக்கு வந்தார்; மரமேறவில்லை. புதிதாக ஏற வந்த இளைஞனிடம், "குளவி கொட்டினால் என்னிடம் சொல்லு; சுண்ணாம்பு தேடி நேரத்தைப் போக்காதே" என்றார். நானும் உங்களுக்கு அதையே சொல்கிறேன்.