பாட்டனார் வண்டியும் அதன் பெறுமதியும்

(நம் சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



போடிநாயக்கனூரில் நம்மவர் வீட்டுக் கொட்டகைகளில் பாட்டனார் காலத்து மோட்டார் வண்டிகள் சில இன்றும் தூசு படிந்து கிடக்கின்றன. பாகம் பிரிக்கும்போதுதான் அவற்றின் நினைவு வருகின்றது. 'எந்த ஆண்டு வண்டி? என்ன விலை பெறும்?' என்னும் வினாக்கள் உடன்பிறந்தாரிடையே மனவேற்றுமையை விளைத்துவிடுகின்றன. அண்மையில் அத்தகைய வழக்கொன்றிற்கு யாமும் அழைக்கப்பட்டோம்.

வண்டி அம்பாசிடர். 'பாட்டனார் 1958-இல் வாங்கிய முதல் மாதிரி' என்றார் மூத்தவர். 'பழைய இரும்பு விலைக்குத்தான் போகும்' என்றார் இளையவர். தமிழ்ப் பண்டிதனுக்கு இயந்திர நூல் தெரியாதாயினும் ஏடு பார்க்கத் தெரியும். ஏட்டின் காலத்தை உடையவர் சொல்லைக் கொண்டு துணிவதில்லை. அகச்சான்று கொண்டே துணிகின்றோம். வண்டிக்கும் அதுவே முறை.

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையைத் தழுவி, மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் செய்யப்பட்டது அம்பாசிடர்; 2014-இல் அதன் உற்பத்தி நின்றது. 1960-களின் தொடக்கத்தில் வந்த இரண்டாம் மாதிரிக்கு முகப்பில் நெருங்கிய கட்டங்களுள்ள கிரில் உண்டு. 1975-இல் வந்த மூன்றாம் மாதிரியில் அது மாறிற்று. யாம் கண்டது கட்டக் கிரில். எனினும் கிரில்லைக் கழற்றி மாட்டலாமாதலின் அஃது இடைச்செருகலாகவும் இருக்கலாம் அன்றோ? ஆகவே சேஸிஸ் எண்ணைத் துடைத்து, மதுரையில் பதிவான பழைய ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டோம். எண் பொருந்திற்று, ஆண்டு 1965. மூத்தவர் முகம் வாடிற்று.

எஞ்சின் எண்ணோ பொருந்தவில்லை. உள்ளே இருந்தது டீசல் எஞ்சின். போடிமெட்டு மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏலத்தோட்டத்துக்கு ஏறியிறங்கப் பெட்ரோல் செலவு தாங்காமல் தந்தையார் பின்னாளில் மாற்றியிருக்கின்றார். அவர் செய்தது குற்றமன்று, பிழைப்பு.

ஆனால் 2021-இல் மத்திய அரசு வகுத்த விதிப்படி, முதற்பதிவாகி 50 ஆண்டு கடந்து, சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் மாற்றமின்றி மூலவடிவில் உள்ள வண்டியே விண்டேஜ் எனப்படும். அதற்குரிய புதுப்பதிவுக்குக் கட்டணம் ரூ. 20,000, மறுபதிவுக்கு ரூ. 5,000, பதிவு 10 ஆண்டு செல்லும். வாணிகத்துக்கும் அன்றாடப் போக்குவரத்துக்கும் அதனை ஓட்டலாகாது. நம் வண்டி வயதில் தேறி, எஞ்சினில் தவறிற்று.

அப்பொழுது, அதுகாறும் வாய் திறவாதிருந்த பாட்டியார், 'பழைய எஞ்சின் மலைமேலே ஸ்டோரில் கிடக்கிறதே, தம்பி' என்றார். மறுநாள் சகோதரர் இருவரோடும் ஜீப்பில் ஏறிச் சென்றோம். ஏலக்காய் உலர்த்தும் அறைக்குப் பின்னே, சாக்குகளின் அடியில் கண்டோம். எண்ணைத் தேய்த்துப் பார்த்தவர் இளையவர். உரக்கப் படித்தவர் மூத்தவர். புத்தகத்தோடு ஒவ்வோர் இலக்கமும் ஒத்தது. விற்பதைப் பற்றி அன்று இருவருமே பேசவில்லை. எஞ்சினை இருவரும் ஒருசேரத் தூக்கி ஜீப்பில் ஏற்ற முயன்று, முடியாமல் நகைத்தனர்.

அன்பர்களே! ஆர்.சி. புத்தகத்தையும் பழைய ரசீதுகளையும் எறியாதீர்கள். கழற்றிய உறுப்பைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். துருவை மறைக்கப் புதுவண்ணம் பூசாதீர்கள். பிறர் கேட்கும் விலையை நம்பாது, அதே மாதிரி வண்டி உண்மையில் விற்ற விலையை விசாரியுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னே, வீட்டு மூதாட்டியரைக் கேளுங்கள்.