ஐந்து கடமைகள், இரண்டு தமிழ்ப் பெயர்கள்

கலிமா, தொழுகை, நோன்பு, ஸகாத், ஹஜ். இஸ்லாத்தின் ஐந்து கடமைகள் இவை. இந்தப் பெயர்களில் மூன்று அரபு, இரண்டு தமிழ். அரபியர் ஸலாத் என்பதை இலங்கை முஸ்லிம் தொழுகை என்கிறார். ஸவ்ம் என்பதை நோன்பு என்கிறார். ஈத் இங்கே பெருநாள். மஸ்ஜித் பள்ளிவாசல். அந்தப் பள்ளி என்ற சொல்லோ, இஸ்லாம் தோன்றுவதற்கு முன்பே சமண, பௌத்தத் துறவியரின் உறைவிடத்துக்குத் தமிழில் வழங்கியது. கேகாலை மாவட்டத்து ரம்புக்கனைக் கடைத்தெருவில் சிங்களவரும் அதைப் 'பல்லிய' என்றே சொல்கிறார். மாதா கோயிலுக்கும் அவருக்கு அதே சொல்தான். மாவனல்லையிலும் ஹெம்மாதகமவிலும் செறிந்து வாழும் முஸ்லிம்களின் சமயம், பக்கத்துத் தோட்டத்துத் தமிழருக்குச் சொல்லளவில் பாதி தெரிந்ததுதான். தெரியாத பாதிதான் பல வேளைகளில் வீண் ஊகத்துக்கு இடம் கொடுக்கிறது.

முதல் கடமையான கலிமா ஒரு வாக்குமூலம். வணக்கத்துக்குரியவன் அல்லாஹ் ஒருவனே என்றும், முஹம்மது அவனுடைய தூதர் என்றும் மனமறிந்து மொழிவது அது. அல்லாஹ்வுக்கு உருவம் இல்லை, பிறப்பு இல்லை, பிள்ளை இல்லை, நிகர் இல்லை. முஹம்மது நபி மனிதரே. முஸ்லிம்கள் அவரை நேசிப்பார்கள், பின்பற்றுவார்கள், வணங்க மாட்டார்கள். இலங்கையில் ஆங்கிலேயர் 1806இல் தொகுத்த சட்டத்துக்கு 'முகம்மதியர் சட்டம்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரே பிழை. கிறிஸ்துவை வணங்குவோர் கிறிஸ்தவர் என்பது போல இதையும் எண்ணிக்கொண்டதால் வந்த பிழை அது. இஸ்லாம் என்ற சொல்லுக்குப் பொருள், இறைவனுக்குத் தன்னை ஒப்படைத்தல்.

கலிமாவுக்கு அடியில் ஆறு நம்பிக்கைகள் இருக்கின்றன: அல்லாஹ், மலக்குகள் எனப்படும் வானவர், வேதங்கள், நபிமார், மறுமை நாள், விதி. வேதங்கள் என்று பன்மையில் சொல்வதைக் கவனிக்க வேண்டும். மூஸா நபிக்குத் தவ்ராத், தாவூத் நபிக்கு ஸபூர், ஈஸா நபிக்கு இன்ஜீல், கடைசியாகக் குர்ஆன். மூஸா என்பவர் மோசே, தாவூத் என்பவர் தாவீது, ஈஸா என்பவர் இயேசு. குர்ஆனில் 25 நபிமாரின் பெயர்கள் உள்ளன. முதல்வர் ஆதம். தோட்டத்து மக்கள் சிவனொளிபாதமலை என்றும், பௌத்தர் ஸ்ரீபாத என்றும் கும்பிடும் மலையை இலங்கை முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்கிறார்கள். மொரோக்கோப் பயணி இப்னு பதூதா 1344இல் அதைத் தேடி ஏறினார். ஆதம் இறங்கியது அந்த மலையில்தான் என்பது பழைய மரபு. குர்ஆன் இடத்தின் பெயரைச் சொல்லவில்லை.

முஹம்மது நபி ஏறக்குறைய 570இல் மக்காவில் பிறந்தார். ஹிரா குகையில் 610இல் முதல் வசனங்கள் இறங்கின. எதிர்ப்பு முற்றி, 622இல் மதீனாவுக்குப் பெயர்ந்தார். முஸ்லிம் ஆண்டான ஹிஜ்ரி அந்தப் பெயர்ச்சியிலிருந்து கணக்கிடப்படுகிறது. 632இல் மறைந்தார். இருபத்துமூன்று ஆண்டுகளில் சிறிது சிறிதாக வந்தது குர்ஆன்; 114 அத்தியாயங்கள். தொழுகையில் அதை அரபிலேயே ஓத வேண்டும். பொருளைத் தமிழில் படிக்கலாம், படிக்கவும் வேண்டும். முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி, அறபுத்தமிழ் என்ற ஒன்றையே உருவாக்கி, அதில் மார்க்க நூல்களை எழுதிப் படித்தார்கள்.

தொழுகை ஒரு நாளைக்கு ஐந்து வேளை. சூரியன் உதிக்கும் முன் சுபஹ், உச்சி சாய்ந்ததும் ளுஹர், பிற்பகலில் அஸர், சூரியன் மறைந்ததும் மஃரிப், இருட்டிய பின் இஷா. நிற்பது, குனிவது, நெற்றி நிலத்தில் படச் சிரம் பணிவது எல்லாம் சேர்ந்த ஒரு சுற்று ரக்அத். முறையே 2, 4, 4, 3, 4 என்று நாளுக்கு 17 ரக்அத் கட்டாயம். தொழுகைக்கு முன் வுழூ என்னும் கழுவுதல் செய்ய வேண்டும்: கை, வாய், மூக்கு, முகம், முழங்கை வரை கரங்கள், தலையில் ஈரக்கையால் தடவல், பின்பு கால்கள். முகம் மக்காவை நோக்க வேண்டும். ரம்புக்கனையிலிருந்து அது மேற்கே, சற்று வடக்கு ஒதுங்கிய திசை. ஒலிபெருக்கியில் மோதினார் சொல்லும் பாங்கு பிரார்த்தனை அல்ல, அழைப்பு. விடியற்காலைப் பாங்கில் மட்டும் தூக்கத்தைவிடத் தொழுகை மேல் என்று ஒரு வரி கூடுதலாக வரும். தூக்கம் கலைந்த அயலவருக்கு அந்தப் பொருள் தெரிந்தால் கொஞ்சம் சிரிப்பாவது வரும்.

கண்டிப்பு உள்ள இடத்தில் சலுகையும் உண்டு. நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம், அதுவும் முடியாதவர் படுத்துத் தொழலாம். கொழும்பிலிருந்து பதுளைக்கு ரயிலேறியவர், ரம்புக்கனை தாண்டி வண்டி மலையேறும் நேரத்தில் ளுஹர் வந்தால், நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கலாம். அஸரையும் அதோடு சேர்த்துத் தொழலாம். வெள்ளிக்கிழமை நண்பகலில் ளுஹருக்குப் பதிலாக ஜும்ஆ: குத்பா என்னும் பிரசங்கமும் இரண்டு ரக்அத்தும். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹப் என்னும் சட்ட மரபில், ஜும்ஆ நடக்க ஊரில் குடியிருக்கும் ஆண்கள் 40 பேர் வேண்டும். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு முஸ்லிம் கடைகள் அடைபடுவதும், நாலைந்து குடும்பமே உள்ள இடத்தவர் பஸ் ஏறி டவுனுக்குப் போவதும் இதனால்தான். ஜும்ஆ நடக்காத சிறிய தொழுமிடத்துக்குத் தக்கியா என்று பெயர்.

நோன்பு ரமழான் மாதம் முழுவதும். விடியலுக்கு முன் ஸஹர் உணவு; அதன்பின் சூரியன் மறையும்வரை சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை, இல்லற உறவும் இல்லை. இலங்கையில் அது ஏறக்குறைய பதின்மூன்றரை மணி நேரம். பொய்யும் புறமும் பேசினால் நோன்பின் பலன் போய்விடும். அதுதான் கடினமான பகுதி. நோயாளி, பயணி, கர்ப்பிணி, பாலூட்டும் தாய் ஆகியோர் விட்டுப் பின்னர் நிறைவேற்றலாம். மாதவிலக்கில் உள்ள பெண் விட்டே ஆக வேண்டும். சந்திர ஆண்டுக்கு 354 நாள் என்பதால் ரமழான் ஆண்டுதோறும் 11 நாள் முன்னே வரும். தை மாதப் பனியில் பத்து வயதில் நோன்பு பிடித்தவர், அதே பனியில் மறுபடி பிடிக்கும்போது வயது 43 ஆகியிருக்கும். தலைப்பிறை தென்பட்டதா என்று கொழும்பு பெரிய பள்ளிவாசலில் கூடி முடிவெடுப்பார்கள். வானொலி முஸ்லிம் சேவை அறிவிக்கும். மாலையில் பேரீச்சம்பழத்தோடு நோன்பு திறந்து, தேங்காய்ப்பால் சேர்த்த கஞ்சி. அந்தக் கஞ்சி பக்கத்து வீட்டுக்கும் போகும்.

ஸகாத் தருமம் அல்ல. செல்வரின் பணத்தில் ஏழைக்குள்ள உரிமை அது. 85 கிராம் தங்கத்தின் மதிப்புள்ள பணமோ சரக்கோ ஒரு சந்திர ஆண்டு கையில் இருந்தால், நாற்பதில் ஒரு பங்கு கொடுத்தாக வேண்டும். ஏழை, கடனாளி, வழியில் சிக்கிய பயணி என்று பெறுவோரைக் குர்ஆன் எட்டு வகையாகச் சொல்கிறது. விளைச்சலுக்குக் கணக்கு வேறு: மானாவாரி நெல்லுக்குப் பத்தில் ஒன்று, செலவு செய்து நீர் பாய்ச்சினால் இருபதில் ஒன்று. இறப்பருக்கும் தேயிலைக்கும்? பழைய ஷாபிஈ நூல்களின்படி, சேமித்து உண்ணும் தானியம் போன்றவற்றுக்கே பயிர் ஸகாத். விற்று வந்த பணத்துக்குப் பண ஸகாத் மட்டும். பணப்பயிருக்கும் பயிர்க் கணக்கே பொருந்தும் என்று இக்கால அறிஞர் சிலர் வாதிடுகிறார்கள். இறப்பர் நிறைந்த கேகாலை மாவட்டத்தில் இது ஏட்டளவில் நின்றுவிடும் வாதம் அல்ல. இது தவிர, நோன்புப் பெருநாள் தொழுகைக்கு முன் வீட்டில் ஆளுக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ அரிசி பித்ராவாக ஏழைக்குப் போக வேண்டும். பெருநாளில் எவரும் பட்டினி கிடக்கக் கூடாது.

ஹஜ் என்னும் மக்கா யாத்திரை, உடலும் பணமும் இடம் கொடுத்தால் ஆயுளில் ஒரு முறை. துல்ஹஜ் மாதம் 8ஆம் நாள் தொடங்கும். ஆண்களுக்குத் தையல் இல்லாத இரண்டு வெள்ளைத் துணிகள். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் அதே துணிதான். 9ஆம் நாள் அறபா வெளியில் நின்று இறைஞ்சுவதே அதன் உயிர். மக்காவின் இறையில்லமான கஃபாவை ஏழு முறை சுற்றுவது இப்ராஹீம் நபியின் நினைவு. ஸபா, மர்வா குன்றுகளிடையே ஏழு முறை நடப்பது, பிள்ளைக்குத் தண்ணீர் தேடி ஓடிய தாய் ஹாஜராவின் நினைவு. ஒரு தாயின் தவிப்பை இத்தனை கோடிப் பேர் நடந்து காட்டுகிறார்கள். 10ஆம் நாள் ஊரில் ஹஜ்ஜுப் பெருநாள். உழ்ஹிய்யாவாகப் பலியிட்ட இறைச்சி உறவுக்கும் ஏழைக்கும் பங்காகும்.

ஐந்து கடமைகளுக்கு அப்பால், கடைசியாக ஜனாஸா என்னும் இறுதிக்கடன். முஸ்லிம் ஒருவர் இறந்தால் குளிப்பாட்டி, வெள்ளைக் கபன் துணியிட்டு, குனிதலும் சிரம் பணிதலும் இல்லாமல் நின்றபடியே தொழுது, முகம் மக்காவை நோக்க வலப்பக்கமாக மண்ணில் வைப்பார்கள். கூடுமானவரை அன்றே. எரிப்பதற்கு மார்க்கத்தில் இடமில்லை. கொரோனாக் காலத்தில், 2020 ஏப்ரல் முதல், அந்த நோயால் இறந்தோரை எரித்தே ஆக வேண்டும் என்று அரசு விதித்தபோது இந்தச் சமூகம் ஏன் அப்படித் துடித்தது என்பதற்கு விடை இதுதான். 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய இடம் கொடுத்தார்கள். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஜனாஸாக்கள் அங்கே போயின. கட்டாயமாக எரித்ததற்கு மன்னிப்புக் கேட்க அமைச்சரவை முடிவெடுத்தது 2024 ஜூலையில்.