வேற்றுமையே வாழ வைக்கும்!

பட்டிமன்றத் தலைப்பு: உயிரினங்கள் நிலைத்து வாழக் காரணம் வலிமையா? வேற்றுமையா?

நடுவர் அவர்களே! எங்கள் அணித் தோழர்களே! இவ்வளவு நேரம் வலிமை, வலிமை என்று பேசியே வலிமை இழந்து உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! எதிரே கூடியிருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே!

எதிரணித் தலைவர் வந்தார். மைக்கைப் பிடித்தார். "வலுத்தது பிழைக்கும், இளைத்தது சாகும். நான் சொல்லலைங்க, டார்வின் சொன்னாரு"ன்னு மேசையைத் தட்டினார். ஐயா, மேசை என்ன பாவம் பண்ணிச்சு? (சிரிப்பு) அந்தத் தொடரை முதலில் எழுதினது டார்வினே இல்லை. ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்பவர் 1864-ல் எழுதினார். டார்வின் 1869-ல்தான் தன் புத்தகத்தின் ஐந்தாம் பதிப்பில் அதை எடுத்துக்கொண்டார். அதிலும் 'வலுத்தது' என்று இல்லை நடுவர் அவர்களே, 'பொருந்தியது' என்றுதான் இருக்கிறது. செருப்புக் கடைக்குப் போனா, "இருக்கிறதுலேயே பெரிய செருப்பாக் குடுப்பா"ன்னா கேட்கிறோம்? காலுக்குப் பொருந்துறதைத்தானே கேட்கிறோம்! (கைதட்டல்)

டார்வின் போய் வந்த கலாபகஸ் தீவுகளுக்கே உங்களை அழைச்சிட்டுப் போறேன். அங்கே டாஃப்னே மேஜர் என்று ஒரு குட்டித் தீவு. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்கிற கணவனும் மனைவியும் 1973-லிருந்து வருஷா வருஷம் அங்கே போய்க் குருவிகளைப் பிடித்து அலகை அளந்தார்கள். நம்ம வீட்டில புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து ஜன்னலுக்குத் திரைத்துணி அளந்தாலே சண்டை வருது. (சிரிப்பு) இவங்க பல பத்தாண்டுகள் அளந்தாங்க!

1977-ல் அந்தத் தீவில் கடும் வறட்சி. சின்ன விதைகள் எல்லாம் தீர்ந்து போச்சு. மிச்சம் இருந்தது நம்ம ஊர் நெருஞ்சி இருக்கே, அந்தக் குடும்பத்துச் செடியோட கெட்டியான முள்காய். தடித்த அலகு உள்ள குருவி அதை உடைச்சுச் சாப்பிட்டது. சின்ன அலகு உள்ளது பட்டினி கிடந்து செத்தது. வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்! சுமார் 1,200 இருந்த ஒரு வகைக் குருவி 180 வாக்கில் வந்து நின்றது.

உடனே எதிரணி நண்பர் எழுந்திருக்கிறார், "பார்த்தீங்களா, வலுத்த அலகுதானே ஜெயிச்சது?"ன்னு. உட்காருங்க ஐயா, கதை முடியலை! 1983-ல் எல் நினோ வந்தது. மழையான மழை. தீவு முழுக்கச் சின்ன விதை. அடுத்த இரண்டு வருஷத்தில் யார் நன்றாகப் பிழைத்தது? சின்ன அலகுக் குருவி! அன்றைக்குத் தோற்றவன் இன்றைக்கு ஜெயித்தான். (கைதட்டல்)

இதில் ஒன்றைக் கவனிக்கணும். நெருஞ்சியை உடைக்கணும்னு ஆசைப்பட்டு எந்தக் குருவிக்கும் அலகு தடிக்கலை. வறட்சி வருவதற்கு முன்னாடியே தடித்த அலகும் இருந்தது, சின்ன அலகும் இருந்தது. அப்பன் ஆத்தாள் அலகு பிள்ளைக்கும் வந்தது. இயற்கை புதிதாக எதையும் செய்து தரவில்லை, இருந்ததில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. தேர்ந்தெடுக்கவே இரண்டு விதம் இல்லைன்னா?

இல்லைன்னா என்ன ஆகும்னு அயர்லாந்தைக் கேளுங்க. அங்கே ஏழைகளுக்கு உருளைக்கிழங்குதான் சோறு. பெரும்பாலும் லம்பர் என்கிற ஒரே ரகம். கிழங்கை வெட்டி நடுவதால் ஒவ்வொரு செடியும் இன்னொன்றின் அச்சு. 1845-ல் கருகல் நோய் வந்தது. ஒரு செடியைக் கொல்லத் தெரிந்த நோய்க்கு எல்லாச் செடியையும் கொல்லத் தெரிந்துவிட்டது. ஆட்சியாளர்களின் அலட்சியமும் சேர்ந்தது. சில வருஷங்களில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். 10 லட்சத்துக்கும் மேலே ஊரைவிட்டே போனார்கள். சிரிச்சுப் பேசுற மேடைதான் இது. ஆனா இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரலை நடுவர் அவர்களே.

நம்ம சோற்றுக்கும் ஒரு கதை இருக்கு. 1966-ல் பிலிப்பைன்ஸ் நாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஐ.ஆர். எட்டு வந்தது. எதிரணி பாஷையில் பயில்வான்! அமோக விளைச்சல். அது பல பேர் பசியைத் தீர்த்தது, நான் மறுக்கலை. ஆனால் 1970-களில் புகையான் பூச்சி ஒரு வைரஸ் நோயைக் கொண்டு வந்தது. பயிர் புல் மாதிரி குட்டையாகி நின்றது. பயில்வான் ரகங்களால் தாங்க முடியலை. ஆராய்ச்சிக்காரர்கள் 6,000-க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தார்கள். கடைசியில் எதிர்ப்புச் சக்தி எதில் கிடைத்தது? நம்ம உத்தரப் பிரதேசத்திலிருந்து போன ஒரு காட்டு நெல்லில்! விளைஞ்சதும் உதிர்ந்து போகும், களைன்னு பிடுங்கிப் போடுற ஜாதி. அந்த நோஞ்சானோட குணத்தைச் சேர்த்துத்தான் 1976-ல் ஐ.ஆர். 36 வந்தது. ஆசியாவில் கோடி ஹெக்டேருக்கு மேல் விளைந்தது. பயில்வானைக் காப்பாத்தினது நோஞ்சான்! (பலத்த கைதட்டல்)

அந்த ஒரு காட்டு நெல்லை "இது எதுக்கு ஆகும்"னு யாராவது அழிச்சிருந்தா? அதனாலதான், 2018-ல் மறைந்த நம்ம நெல் ஜெயராமன் அவர்களை நினைச்சா கும்பிடத் தோணுது. ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, இரண்டு கிலோ பாரம்பரிய விதைநெல் கொடுப்பார். "அடுத்த வருஷம் நாலு கிலோவாத் திருப்பிக் கொடு" என்பார். கடன் வாங்கினவனைப் பார்த்து ஓடுறவங்க மத்தியில, கடனாலேயே விதையைக் காப்பாத்தினார் அவர்!

கடைசியாத் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. "அண்ணனைப் பாரு, முதல் மார்க். நீயும் இருக்கியே"ன்னு சின்னவனைத் திட்டாதீங்கம்மா. இன்னைக்கு அடிக்கிற வெயிலுக்கு அண்ணன் பொருத்தம். நாளைக்குப் பெய்யப் போற மழை எப்படின்னு யாருக்குத் தெரியும்? ஐந்து விரலும் ஒன்றாக இருந்தால் சோற்றைப் பிசைய முடியாது.

வலிமை, இன்றைய பரீட்சைக்கு விடை. நாளைய பரீட்சையின் கேள்வித்தாள் இன்னும் அச்சாகலை. அதற்கும் விடை வைத்திருப்பது வேற்றுமை, வேற்றுமை, வேற்றுமையே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.