பிறன், ஊழியம்: கிறித்தவ அறத்தின் இரு சொற்கள்



ஒரு சமயத்தின் அறத்தை அறிய அதன் ஆலயங்களை நோக்குதல் ஒரு வழி. அது தமிழில் ஆளும் சொற்களை நோக்குதல் மற்றொரு வழி. பிறரைப் பேணுதல் புனிதக் கடமை என்னும் கிறித்தவக் கொள்கையை விளக்க இரண்டு சொற்கள் போதும். ஒன்று 'பிறன்', மற்றொன்று 'ஊழியம்'.

அன்பு செலுத்தப்பட வேண்டியவனைக் குறிக்கும் விவிலியத்தின் கிரேக்கச் சொல்லுக்கு 'அருகில் உள்ளவன்' என்பது பொருள். சீர்திருத்தச் சபைகளில் நெடுங்காலமாக வழங்கும் தமிழ் மொழிபெயர்ப்போ அவ்விடத்தில் 'பிறன்' என்று கூறுகிறது. 'பிறனில் விழையாமை' என்னும் அதிகாரத் தலைப்பில் குறள் ஆளும் சொல் அது. உறவு, ஊர், இனம் என்னும் எதுவும் அச்சொல்லில் இல்லை. தான் அல்லாத எவனும் பிறனே. அருகில் உள்ளவனிடம் அன்பு கொள்ளுதல் எளிது. பிறனிடம் கொள்ளுதலே அரிது.

லூக்கா நற்செய்தியில் வரும் நல்ல சமாரியன் உவமை இவ்வருமையைக் காட்டுகிறது. எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் வழியில் கள்வரால் அடியுண்டு ஒருவன் கிடந்தான். குருவும் லேவியனும் விலகிச் சென்றனர். யூதர்களால் வெறுக்கப்பட்ட சமாரியனோ காயங்களைக் கட்டினான். தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்தான். செலவுக்குப் பணமும் கொடுத்தான். 'பிறன் யார்?' என்று நியாயசாத்திரி ஒருவன் கேட்டதற்கு இயேசு கூறிய விடை இது. அடியுண்டவனுக்குப் பிறனாய் இருந்தவன் யார் என்று அவர் வினாவையே திருப்பிவிடுகிறார். உதவி பெறத் தக்கவன் எவன் என ஆராய்வது அன்று அறம். உதவுபவனாகத் தான் மாறுவதே அறம்.

இனி, 'ஊழியம்'. திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட மக்களிடமிருந்து கூலியின்றி வாங்கப்பட்ட கட்டாய உழைப்புக்கு இதுவே பெயர். எளியோர் முதுகை வளைத்த அச்சொல்லையே தமிழ்க் கிறித்தவம் இறைபணிக்கும் பெயராக்கிக்கொண்டது. சீடர்களின் கால்களைக் கழுவிய குருவின் செயலை எண்ணினால் இதன் பொருத்தம் விளங்கும். கால் கழுவுதல் அடிமையின் தொழில். கட்டாயத்தால் செய்யும்போது இழிவாகத் தோன்றியது, அன்பால் விரும்பி ஏற்கும்போது புனிதமாகிறது. மத்தேயு நற்செய்தி இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. பசித்தவனுக்கும் நோயுற்றவனுக்கும் சிறையிலிருப்பவனுக்கும் செய்தது இறைவனுக்கே செய்ததாகும் என்பது அதன் கருத்து. ஆகவே புனிதம் கொடுப்பவனிடத்தில் இல்லை, பெறுபவனிடத்தில் இருக்கிறது.

இவ்விரு சொற்களுக்கும் வேலூர் சான்றாகத் திகழ்கிறது. திண்டிவனத்தில் ஒரே இரவில் பேறுகால வேதனையுற்ற மூன்று பெண்களுக்காக உதவி நாடி வந்தனர் அவர்களுடைய கணவன்மார். ஆண் மருத்துவரை அவர்கள் ஏற்கவில்லை, மூவரும் மாண்டனர். அந்த இழப்பே இளம்பெண்ணாயிருந்த ஐடா ஸ்கடரை மருத்துவம் பயிலத் தூண்டியது. 1900இல் மருத்துவராகத் திரும்பியவர், 1902இல் வேலூரில் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையைத் திறந்தார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். தாமே எல்லாரையும் குணப்படுத்த வேண்டும் என்று எண்ணாமல், இந்நாட்டுப் பெண்களையே மருத்துவர்களாக்கியதில் அவரது ஊழியம் நிறைவுற்றது.

அங்கு பயின்ற மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் நேர்ந்த விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். அதன் பின்னரும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் முடங்கிய கைகளுக்கு அறுவை செய்தார். 1966இல் வேலூரில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அவரது முயற்சியின் பயனாகும். பேணப்பட வேண்டியவரே பிறரைப் பேணுபவரானார்!

இங்கு ஒரு தடையும் எழும். பேணுதல் மதம் மாற்றும் கருவியாகாதா என்பது அது. விடை உவமையிலேயே உள்ளது. சமாரியன் அடியுண்டவனின் சமயத்தைக் கேட்கவில்லை, நன்றியையும் எதிர்பார்க்கவில்லை. கைம்மாறு கருதிய பேணல் வாணிகமே அன்றி ஊழியம் ஆகாது. உதவி பெறுபவனை என்றும் கையேந்த வைக்கும் ஈகையும் அவ்வாறே குறையுடையது. விழுந்தவன் எழுந்து, தானும் ஒருவனைத் தூக்கிவிடும் நிலையை அடைவதே உண்மைப் பேணலின் உரைகல்.

தமிழ் இவ்வறத்திற்கு 'பிறன்' என்னும் பரந்த சொல்லைத் தந்தது. இவ்வறமோ 'ஊழியம்' என்னும் தமிழ்ச் சொல்லின் இழிவைத் துடைத்தது. சொல்லைப் போற்றும் இம்மன்றம் அச்சொற்களின் பின்னுள்ள செயலையும் போற்றுவதாக!