ஆளில்லா வீடும் வீடில்லா ஆளும்

(கல்முனையில் நடைபெற்ற வீட்டுரிமைக் கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



ஏழைக்குக் கட்டுப்படியாகும் வீடு, பூமிக்கும் கேடு செய்யாத வீடு. அத்தகைய வீட்டைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். நான் பொறியியலாளன் அல்லன், சட்டம் படித்தவன். ஆயினும் அந்த வீட்டுக்குரிய தடைகளுட் பெரும்பாலானவை கல்லிலும் மண்ணிலும் இல்லை, கந்தோர் மேசையில் இருக்கின்றன என்று கண்டபடியால் பேசத் துணிந்தேன்.

மகளுக்கு வீடு கட்டிக் கொடாமல் மணம் பேச முடியாத ஊர்கள் நம்முடையவை. அந்த ஒரு வீட்டுக்காகத் தகப்பன் கட்டாருக்கும் குவைத்துக்கும் போகிறான். தாய் தன் நகையை அடகு வைக்கிறாள். ஆகவே இங்கே சீமெந்தின் விலை வெறும் சந்தைச் செய்தியன்று. ஒரு குமர்ப்பிள்ளையின் வாழ்வு. ஏறக்குறைய ஆயிரம் ரூபாவுக்கு விற்ற ஐம்பது கிலோ மூடை, 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் மூவாயிரத்தை எட்டியபோது அரைச்சுவரோடு நின்றுபோன வீடுகளை நீங்கள் அறிவீர்கள்.

அதே சீமெந்துதான் காற்றையும் கெடுக்கிறது. சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 1,450 பாகை வெப்பத்தில் சுட்டு அதனைச் செய்கிறார்கள். எரிக்கும் நிலக்கரியிலிருந்து மட்டுமன்று, சுடப்படும் கல்லிலிருந்தும் காபனீரொட்சைட்டு வாயு வெளிப்படுகிறது. மனிதர் வெளிவிடும் அவ்வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சீமெந்துத் தொழிலால் விளைவது. உலகம் சூடேறிக் கடல் உயர்ந்தால் முதலில் நனையப்போவது யாருடைய முற்றம்? நம்முடைய முற்றம்!

இனி நம் அனுபவத்துக்கு வருவோம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் எழுந்தது. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களை இழந்தோம். அதன் பின் கரையிலிருந்து தெற்கே 100 மீற்றருக்குள்ளும் கிழக்கே 200 மீற்றருக்குள்ளும் வீடு கட்டக் கூடாதென்று விதி வந்தது. ஒருபுறம் கடல், மறுபுறம் வயல், இடையே ஒடுங்கிய நிலத்தில் நெருங்கி வாழும் மக்களுக்கு அந்த 200 மீற்றர் என்ன சிறு வேலியா? 2005 இறுதியில் விதி தளர்ந்தது. நிலமில்லாக் குறை தீரவில்லை.

அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபிய உதவியால் 500 வீடுகள் எழுந்தன. அவற்றைப் பங்கிடும் முறை உயர் நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகி 2009இல் தீர்ப்பும் வந்தது. அத்தீர்ப்பை இங்கே நான் விவாதிக்க வரவில்லை. அதற்குப் பின்னரும் அவ்வீடுகள் பல ஆண்டுகள் ஆளின்றிப் பாழ்பட்டுக் கிடந்தன என்பதையே சொல்ல வந்தேன். அடுப்பு எரியாத வீட்டுக்கும் சீமெந்து சுட்டாயிற்று, இரும்பு உருக்கியாயிற்று. எவரும் குடியிராத வீட்டைப்போல் பணத்தையும் பூமியையும் ஒருங்கே வீணாக்கும் வீடு வேறில்லை.

2016இல் வடக்குக் கிழக்குக்கு 65,000 இரும்பு வீடுகள் என்றார்கள். ஒன்றின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா! அதற்கு முன்னர் இந்திய உதவித் திட்டத்திலே வீட்டுக்காரர் கையில் தவணை தவணையாகக் கொடுத்தது ஐந்தரை இலட்சம். மக்கள் தாமே மேசனை அமர்த்திக் கட்டிக்கொண்டனர். இரும்பு வெப்பத்துக்கும் துருவுக்கும் தாங்குமா என்று அறிஞர்களும் மக்களும் கேட்டனர். எதிர்ப்பு வலுத்தது, அப்பெருந்திட்டம் நிறைவேறாமலே போயிற்று.

அப்படியானால் வழி என்ன? மண்ணோடு நூற்றுக்கு ஐந்து பங்களவு சீமெந்து கலந்து, இயந்திரத்தால் அழுத்தி, சூளையில் சுடாமல், சில கிழமைகள் ஈரம் காத்துப் பதப்படுத்திய கல் உண்டு. தமிழ்நாட்டில், ஆரோவில்லிலுள்ள மண் கட்டட நிறுவனம் 1989 முதல் இம்முறையைக் கற்பித்து வருகிறது. நம் மாவட்டமோ நெல் விளையும் மாவட்டம். ஆலைகளில் உமி மலைபோல் குவிகிறது. அதனை அளவான வெப்பத்தில் எரித்தெடுக்கும் சாம்பல் சீமெந்தின் ஒரு பங்குக்கு ஈடாக நிற்க வல்லது.

இடர்களை மறைக்க மாட்டேன். கரையோர மணலில் இக்கல் வாராது. வயற்களி தனித்து நின்றால் வெடிக்கும். ஏற்ற மண்ணை மேற்கிலிருந்து ஏற்றி வரவேண்டும். 1992இன் 33ஆம் இலக்கச் சட்டப்படி மண் அகழவும் உரிமம் வேண்டும். மாரி வெள்ளத்துக்கு அஞ்சி அத்திவாரத்தைக் கருங்கல்லால் உயர்த்த வேண்டும். 1978 சூறாவளியை மறவாமல் கூரையைச் சுவரோடு இறுகப் பிணைக்க வேண்டும். சீமெந்தை அடியோடு விலக்க முடியாது; குறைக்க முடியும்.

எல்லாவற்றிலும் பெரிய இடர் வேறு. என்னிடம் வந்த தகப்பன் ஒருவர் மகளுக்காக இத்தகைய கல்லில் வீடு கட்ட விரும்பினார். கடன் கேட்ட இடத்தில், "மண் சுவருக்குக் கடன் இல்லை" என்றார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் முகம் சுளித்தார்கள். அவர் சீமெந்துக்கே திரும்பினார். சுவர் இன்றும் இடுப்பளவில் நிற்கிறது. கல்லின் உறுதியை எவரும் சோதிக்கவில்லை. அதன் பெயரைக் கேட்டே தள்ளினார்கள்!

ஆகவே மூன்று கோரிக்கைகளை உங்கள் முன் வைக்கிறேன். ஒன்று: ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இக்கல்லைச் சோதித்துச் சான்று தரட்டும், சான்று பெற்ற சுவருக்குக் கடனும் உதவியும் மறுக்கப்படலாகாது. இரண்டு: வீட்டுப் பணம் ஒப்பந்தக்காரர் கையில் அன்றி வீட்டுக்குரியவர் கையில் சேரட்டும். மூன்று: யாருக்கு வீடு, எந்த நிலத்தில், எந்த நியாயத்தில் என்பதை அத்திவாரக் கல் நடுமுன் பகிரங்கமாக எழுதி ஒட்டட்டும், தமிழரும் முஸ்லிமும் சிங்களவரும் அதனைப் படித்துக் கேள்வி கேட்கட்டும். பின்னர் வழக்குக்கு இடமிராது, பூட்டுக்கும் இடமிராது.

மாப்பிள்ளை வீட்டாரை மாற்ற எந்தச் சட்டத்தாலும் முடியாது. அதற்கு உங்களில் ஒருவர் முதலில் இந்த வீட்டைக் கட்டிக் காட்ட வேண்டும். ஓர் உச்சிப்பொழுதில் ஊரார் வந்து அதன் நிழலில் அமர்ந்து பார்க்கட்டும். அதற்குப் பின் என் பேச்சுக்கு அவசியமிராது.