தன் காசைக் கொடுத்துத் தண்டிப்பவர்கள்

பொதுக் காரியம் என்றால் மனிதர்கள் எப்போது கைகொடுக்கிறார்கள், எப்போது நழுவுகிறார்கள்? சூரிச் பல்கலைக்கழகப் பொருளியலாளர் எர்ன்ஸ்ட் ஃபேர், சைமன் கெக்டருடன் சேர்ந்து இதைச் சோதித்து, 2002இல் 'நேச்சர்' இதழில் முடிவை வெளியிட்டார்.

ஒவ்வொரு குழுவிலும் நான்கு மாணவர்கள், ஆளுக்கு 20 அலகு பணம். பொதுக் கணக்கில் ஒருவர் ஓர் அலகு போட்டால் நால்வருக்கும் தலா 0.4 அலகு கிடைக்கும். எல்லோரும் முழுத்தொகையையும் போட்டால் ஆளுக்கு 32. மற்ற மூவரும் போட, ஒருவர் மட்டும் போடாமல் இருந்தால் அவருக்கு 44! ஆசை எங்கே இழுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சுற்றுக்குச் சுற்று பங்களிப்பு தேய்ந்தது.

தண்டிக்கும் உரிமை இருந்த சுற்றுகளில் நிலைமை வேறு. கையிலிருந்து ஓர் அலகு செலவழித்தால், ஏய்த்தவருக்கு 3 அலகு குறையும். சுற்றுக்குச் சுற்று குழு மாறும்; ஒருமுறை சந்தித்தவரை மறுபடி சந்திக்கப்போவதில்லை; ஆகவே தண்டிப்பவருக்கு ஒரு காசும் ஆதாயமில்லை. வியப்பு இங்கேதான். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஒருமுறையாவது தண்டித்தார்கள். பங்களிப்பும் உயர்ந்தது.

ஆனால் கெக்டரும் சகாக்களும் 16 நகரங்களில் நடத்திய 2008ஆம் ஆண்டு ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: சில ஊர்களில், தாராளமாகக் கொடுத்தவர்களும் தண்டிக்கப்பட்டார்கள். அங்கே ஒத்துழைப்பு வளரவில்லை.