கம்பி எட்டவில்லை



வீட்டுக்கு நிலையை ஒரு ஆசாரி செய்கிறார். கதவை வேறொருவர் செய்கிறார். கதவு பெரிதாக இருந்தால் இழைத்துக்கொள்ளலாம். சிறியதாகிவிட்டால்? பலகை வீண். கூலியும் வீண்.

பெரிய தொழிற்சாலைகளுக்கும் இதே கவலைதான். ஒரு பெரிய விமானத்தில் லட்சக்கணக்கான உறுப்புகள் உண்டு. முன்பு தாளில் படம் வரைந்தார்கள். எல்லாம் பொருந்துமா என்று பார்க்க, முழு அளவில் ஒரு மாதிரி விமானம் செய்தார்கள். அது பறக்காது. அளவு பார்க்க மட்டும்தான். அதற்கே பெரும் செலவு.

இப்போது படத்தைக் கம்ப்யூட்டரில் வரைகிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் அதில் தெரியும். திருப்பிப் பார்க்கலாம். உள்ளே எட்டிப் பார்க்கலாம். ஒரு குழாய் இன்னொன்றில் இடித்தால் திரையிலேயே தெரிந்துவிடும். தகடு வெட்டும் முன்பே திருத்திவிடலாம். அமெரிக்காவின் போயிங் நிறுவனம் 777 என்ற விமானத்தை இப்படித்தான் வடிவமைத்தது. முழு மாதிரி செய்யவில்லை. 1994-இல் அது பறந்தது.

அப்படியானால் கம்ப்யூட்டர் இருந்தால் தவறே வராதா? ஐரோப்பாவின் ஏர்பஸ் நிறுவனத்துக்கு நேர்ந்ததைக் கேளுங்கள்.

அவர்கள் ஏ380 என்ற இரண்டு மாடி விமானத்தைச் செய்தார்கள். இறக்கை பிரிட்டனில். வாலின் ஒரு பகுதி ஸ்பெயினில். உடற்பகுதிகள் ஜெர்மனியிலும் பிரான்சிலும். எல்லாவற்றையும் பிரான்சில் துலூஸ் நகரில் இணைத்தார்கள். அந்த விமானத்துக்குள் ஓடும் மின்கம்பியின் நீளம் 500 கிலோமீட்டருக்கு மேல். ரயிலில் ஒரு ராத்திரி போகும் தூரம்!

ஜெர்மனியில் கட்டிய கம்பிக் கட்டுகள் துலூசுக்கு வந்தன. தொழிலாளர்கள் மாட்டிப் பார்த்தார்கள். பல இடங்களில் எட்டவில்லை. சில சென்டிமீட்டர் குறைந்தது.

ஜெர்மனியும் ஸ்பெயினும் படம் வரையும் மென்பொருளின் பழைய பதிப்பை வைத்திருந்தன. பிரான்சும் பிரிட்டனும் புதிய பதிப்பை வைத்திருந்தன. ஒன்றில் வரைந்த படம் மற்றொன்றுக்குச் சரியாகப் போகவில்லை. வளைந்து போகும் கம்பிக்கு எவ்வளவு நீளம் வேண்டும் என்ற கணக்கும் தப்பியது. திரையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது!

கம்பியை இழுத்து நீட்ட முடியுமா? ஜெர்மனியிலிருந்து நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் துலூசுக்கு வந்தார்கள். கம்பிகளைப் பிரித்துக் கையாலேயே மறுபடி கட்டினார்கள். 2006-இல் தாமதத்தை அறிவித்தார்கள். ஏர்பஸ் தலைவர் பதவி விலகினார். முதல் விமானம் சுமார் இரண்டு ஆண்டு தாமதமாக, 2007 அக்டோபரில்தான் சிங்கப்பூர் ஏர்லைன்சுக்குப் போய்ச் சேர்ந்தது.

அதன் பிறகும் கைவேலை நிற்கவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட விமானங்களுக்கு அப்படியே கம்பி கட்டினார்கள். பிறகுதான் எல்லோரும் ஒரே மென்பொருளில் வரைந்த படத்தை வைத்து வேலை செய்தார்கள்.